பெயர் அழிந்த கல்லை இனங்காண்பது: திருகோணமலையில் பழைய சவரக்கத்திக் கற்கள் சேகரிக்க ஒரு வழிகாட்டி

திருகோணமலையில் பழைய சாணைக்கல் தேடிப் போனால் வெறுங்கையோடு திரும்ப மாட்டீர்கள். கொண்டுவருவது சவரக்கத்திக்கு உதவும் இயற்கைக் கல்லா என்பது வேறு கதை. பழைய சாமான் பெட்டிகளிலிருந்து வெளிவருவதில் அனேகமானவை கார்போரண்டம், அதாவது ஆலையில் சுட்டெடுத்த கல். அதற்கடுத்தது தச்சர் உளி தீட்டிய எண்ணெய்க்கல். பெல்ஜியத்திலோ ஜேர்மனியிலோ மலையில் வெட்டியெடுத்து, முகச்சவரத்துக்கென்றே அறுத்து விற்ற கல் அபூர்வமாகத்தான் அகப்படும்.

அப்படி அகப்பட்டாலும் அதில் லேபல் இருக்காது. உப்புக் காற்றும் மாரிமழையும் கடதாசியைத் தின்றுவிடும். மரப்பெட்டியைக் கறையான் பார்த்துக்கொள்ளும். ஆகவே இந்த ஊரில் சேகரிப்பவர் பெயரைப் பார்த்து வாங்க முடியாது. கல் தண்ணீரில் என்ன செய்கிறது, இரும்பில் என்ன செய்கிறது என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஒரு விதத்தில் அது நல்லதுதான். வெளிநாட்டு ஏலங்களில் லேபலுக்காகவே காசைக் கொட்டுகிறவர்களைவிட நாம் கல்லை வடிவாகப் பார்க்கப் பழகிவிடுவோம்.

1. கல்லுக்கு முன்னர் வாங்க வேண்டியவை

முதலில் வாங்க வேண்டியது செயற்கைக் கற்கள். சேகரிக்க வருகிறவர்களுக்கு இது கசக்கும், ஆனால் வேறு வழியில்லை. 1000, 4000, 8000 என்ற இலக்கங்களில் (இலக்கம் ஏற ஏறக் கல்லின் மணி நுண்ணியது) மூன்று தளம் போதும். பழைய இயற்கைக் கல் கடைசி மெருகுக்கு உரியது; அதில் இலக்கம் எதுவும் கிடையாது. அலகின் சரிவை 1000-இல் ஒழுங்காக்கி, 8000 வரை ஏற்றிய கத்தி ஒன்று கையில் இருந்தால்தான், புதிதாக வந்த கல் அந்தக் கூரைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்று சொல்ல முடியும். அது இல்லாமல் கல்லை மதிப்பிடுவது வெறும் ஊகம்.

தீட்டி முடித்த கத்தியை இழுத்துப் பதமாக்க ஒரு தோல் வாரும் வேண்டும். கத்தி இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்ததாக இருந்தாலும் ஜேர்மனியின் சொலிங்கனில் செய்ததாக இருந்தாலும் சரி, அலகு வளையாமல், கூர் ஓரத்தில் துருக்குழி இல்லாமல் இருக்க வேண்டும். சவரக்கத்தியைத் தீட்டும்போது முதுகும் கூரும் ஒரே நேரத்தில் கல்லில் படுகின்றன. கோணத்தை முதுகே காத்துக்கொள்கிறது. உளியைவிட இதற்குக் கல் சமதளமாக இருப்பது முக்கியம் என்பது அதனால்தான்.

2. எந்தக் கல் எப்படி இருக்கும்

கொட்டிக்கூல் பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில், வியல்சாம் ஊரைச் சுற்றி எடுத்த கல். வெண்ணெய் மஞ்சள் நிறம், சிலவற்றில் சாம்பல் சாயல். இதன் உடம்பு முழுக்க மிக நுண்ணிய ஸ்பெசார்ட்டீன் கார்னெட் மணிகள் பரவிக் கிடக்கின்றன. நம்மவர்கள் மோதிரத்தில் பதிக்கும் கோமேதகமும் கார்னெட் குடும்பம்தான். ஒவ்வொரு மணிக்கும் பல முகங்கள் இருப்பதால் அது ஆழக் கீறாமல் மேலோட்டமாகச் சுரண்டுகிறது. முகத்துக்கு மென்மையான கூர் வருவது இதனால்தான். புல்மோட்டைக் கனிம மணலிலும் கொஞ்சம் கார்னெட் உண்டு. உடனே மணல் அள்ளக் கிளம்ப வேண்டாம், அந்த மணி நமது வேலைக்கு மிகப் பெரியது.

கொட்டிக்கூலின் மஞ்சள் படை மெல்லியது என்பதால் பெரும்பாலும் கீழே ஊதா கலந்த நீலச் சிலேட்டு இருக்கும். பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். இரண்டு நிறமும் சேருமிடம் கொஞ்சம் அலைந்து, ஒன்றுக்குள் ஒன்று கலந்திருந்தால் மலையிலேயே ஒட்டிப் பிறந்த கல். கோடு நேராக, நடுவில் மெல்லிய பசைக் கீற்றோடு இருந்தால் பட்டறையில் ஒட்டியது. இரண்டுமே தீட்டும், ஆனால் கழுவும்போது கவனிக்க வேண்டிய வேறுபாடு இது.

துரிங்கியன் கல் ஜேர்மனியிலிருந்து வந்தது. சொன்னபேர்க் நகரிலிருந்து எஷர் நிறுவனம் விற்ற கற்கள்தான் இதில் பேர்போனவை. நுண்ணிய, மென்மையான சிலேட்டு வகை. மஞ்சள்பச்சை, இளம்பச்சை, நீலப்பச்சை, கருநீலம் என்று நிறம் மாறும். சேகரிப்பவர்கள் மஞ்சள்பச்சைக்கு ஓடுவார்கள். என்னைக் கேட்டால் கருநீலம் முகத்தில் எந்தக் குறையும் வைக்காது, விலையும் தணிவு. இந்தக் கல்லோடு அதே கல்லின் சிறு துண்டொன்றும் பெட்டியில் வந்திருக்கும். தண்ணீர் விட்டுக் கல்லில் தேய்த்துக் குழம்பு, அதாவது கல்துகள் கலந்த நீர், எழுப்புவதற்கானது. வீட்டுக்காரர் அதை உடைந்த துண்டு என்று எறிந்திருப்பார். பெட்டியின் மூலைகளை ஒருமுறை துழாவிப் பாருங்கள்.

பிரித்தானியக் கற்களில் மூன்றைத் தெரிந்துவைத்தால் போதும். இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர் கல்லான சார்ன்லி ஃபொரஸ்ட், பச்சைச் சாம்பலில் செங்கபிலக் கீற்றுகளோடு இருக்கும்; கடினமானது, வேகம் குறைவு. வேல்ஸின் லின் இட்வால் கரும்பச்சைச் சாம்பல். ஸ்கொட்லாந்தின் வாட்டர் ஒஃப் ஏர் சாம்பல் நிறத்தில், சிலவேளை கரும்புள்ளிகளோடு வரும்.

அமெரிக்காவின் ஆர்கன்சோக் கற்கள் நோவாகுலைட் என்ற பாறை, கிட்டத்தட்ட முழுக்கச் சிலிக்கா. அதில் நுண்துளை உள்ள வாஷிட்டா தச்சருக்கு, இறுகிய கறுப்பும் ஒளி ஊடுருவும் வகையும் சவரக்கத்திக்கு. ஓரத்தில் ரோச் அடித்தால் உள்ளே மங்கலாக வெளிச்சம் பரவும் ஆர்கன்சோ கிடைத்தால் விடாதீர்கள். துருக்கிக் கல் ஸ்மிர்னாத் துறைமுகம் வழியாக ஏற்றுமதியானது; இலகுவில் வெடிக்கும், அதனால் மரத்தில் பதித்தே இருக்கும். ஜப்பானியக் கற்களை இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

இவற்றோடு குழம்பிப்போகக்கூடியவை செயற்கைக் கற்கள். கார்போரண்டம் 1891-இல் எட்வர்ட் அச்சிசன் கண்டெடுத்த சிலிக்கன் கார்பைடு. ‘இந்தியா’ என்ற பெயரோடு வரும் செம்பழுப்புக் கல்லைப் பார்த்து நம் பக்கத்து மலையென்று நினைக்க வேண்டாம், அது நோர்ட்டன் நிறுவனத்தின் அலுமினிய ஒக்சைட்டு. பழைய சலூன்களில் உள்ளங்கை அளவில் பெயர் அழுத்திய கற்களும் இருக்கும்; ஸ்வாட்டி அதில் புகழ்பெற்றது. நல்ல கல், ஆனால் இயற்கைக் கல் அல்ல. இயற்கைக் கல்லின் உடம்பில் யாரும் அச்சில் அழுத்திப் பெயரை வார்க்க முடியாது என்பதை நினைவில் வைத்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

3. எங்கே தேடுவது

பிரித்தானியர் 1795-இல் திருகோணமலையைப் பிடித்தார்கள். கடற்படைத் தளத்தை 1957 ஒக்டோபரில் இலங்கையிடம் கையளித்தார்கள். அந்தக் காலம் முழுக்கக் கடற்படையின் கப்பல் பட்டறையான டொக்யார்டில் மரவேலை, படகுவேலை, இயந்திரவேலை செய்தவர்களின் கருவிப் பெட்டிகள்தான் நமக்கு முதல் இலக்கு. பெட்டியிலோ கருவியிலோ மூன்று கோடுகள் ஒரு முனையில் கூடும் அகன்ற அம்புக்குறி இருந்தால் அது பிரித்தானிய அரசாங்கச் சொத்தாக இருந்த பொருள். அந்தப் பெட்டியில் வாஷிட்டாவோ சார்ன்லியோ கிடக்க வாய்ப்பு அதிகம், கொட்டிக்கூல் கிடக்க வாய்ப்புக் குறைவு. டொக்யார்டுக்குள்ளேயே போய்த் தேடும் எண்ணம் வேண்டாம், இப்போது அது இலங்கைக் கடற்படையின் இடம். பிரெட்ரிக் கோட்டையிலும் பழைய இடிபாடுகளிலும் ஒரு கல்லைக்கூட எடுக்கக்கூடாது; தொல்பொருள் சட்டம் இருக்கிறது.

உவர்மலை, பாலையூற்றுப் பக்கத்துப் பழைய வீடுகள், மத்திய வீதி, என்.சி. வீதிச் சுற்றுவட்டத்துப் பழைய இரும்புக் கடைகள், கிண்ணியாவிலும் மூதூரிலும் தோணி வேலை செய்த குடும்பங்கள் என்று விசாரித்துப் போகலாம். போரிலும் 2004 டிசம்பர் 26 சுனாமியிலும் கரையோர வீடுகளின் சாமான்கள் எவ்வளவோ போய்விட்டன. ஆகவே கரையிலிருந்து தள்ளி, மேட்டில் உள்ள வீடுகளை முதலில் கேளுங்கள்.

சவரக்கல்லுக்குச் சலூன்காரர்தான் உண்மையான வாசல். இன்று எல்லாரும் பிளேட்டை மாற்றி மாற்றிப் போடும் கத்திதான் பாவிக்கிறார்கள். தொற்றுப் பயத்தில் அது சரியும்கூட. பழைய மடக்குக் கத்தியும் கல்லும் லாச்சியின் அடியில் போய்விட்டன. கேட்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. “பழைய கல் விற்பீங்களா” என்று நுழைந்தால் இல்லை என்ற பதில்தான் வரும். முடி வெட்டிக்கொண்டிருக்கும்போது, “ஐயா, முந்தி கத்தியை எதிலை தீட்டுவீங்கள்? தண்ணி விட்டா, எண்ணெய் விட்டா?” என்று கேட்டுப் பாருங்கள். தீட்டத் தெரிந்த மனிதர் இந்தக் கேள்விக்கு வாய் திறக்காமல் இருக்கமாட்டார். பதிலும் பயனுள்ளது: தண்ணீர் என்றால் துரிங்கியனோ கொட்டிக்கூலோ இருக்கலாம், எண்ணெய் என்றால் ஆர்கன்சோப் பக்கம், வெறுமனே எச்சில் தொட்டுத் தீட்டினேன் என்றால் பெரும்பாலும் சிறிய செயற்கைக் கல்.

4. வாங்கும் இடத்தில் சோதிப்பது

பையில் இருக்க வேண்டியவை: தண்ணீர்ப் போத்தல், பழைய துணி, ரோச், பொற்கொல்லர் வைத்திருக்கும் 10 மடங்கு உருப்பெருக்கி, சமையலறைத் தராசு, தைக்கும் நூல், ஒரு சிறு உருக்குத் துண்டு.

முதலில் தட்டுங்கள். கல்லை விரல் நுனிகளில் தாங்கி, மற்றக் கை விரல் மூட்டால் மெல்லத் தட்டினால் நல்ல கல் தெளிவாக ஒலிக்கும். விரிசல் விட்ட மண்சட்டி போலப் பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே வெடிப்பு இருக்கிறது. மரத்தில் பதித்த கல்லுக்கு இந்தச் சோதனை பலிக்காது.

அடுத்து, ஒரு மூலையைத் துடைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். உறிஞ்சிக் குமிழி விட்டால் அனேகமாகச் செயற்கை. துரிங்கியனிலும் கொட்டிக்கூலிலும் தண்ணீர் மேலேயே நிற்கும். எண்ணெய் ஊறிய கார்போரண்டமும் தண்ணீர் குடிக்காது, அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். உருப்பெருக்கியை வையுங்கள்: தனித்தனி மணிகள் மினுங்கி, நடுவே ஊசித்துளைகள் ஒரே சீராகத் தெரிந்தால் அது ஆலைக் கல். சிலேட்டில் மணி எதுவும் கண்ணுக்குப் படாது.

கல் காயும்வரை போகாதீர்கள். ஈரம் போகும்போது மேல்முகம் வெளுத்துவரும். வெடிப்பு இருக்கும் இடத்தில் மட்டும் தண்ணீர் தங்கி, மெல்லிய கருங்கோடாக நின்றுவிடும். மற்றக் கோடுகள் வெறும் நிறக்கீற்று. நகத்தை அந்தக் கருங்கோட்டின் குறுக்கே இழுங்கள். மாட்டினால் கத்தியின் கூரையும் அது கடிக்கும். மாட்டாவிட்டால் பயமில்லாமல் வாங்கலாம்.

பிறகு அடர்த்தி. இதைச் செய்பவர்கள் குறைவு, ஆனால் லேபல் இல்லாத ஊரில் இதைவிடப் பெரிய சாட்சி இல்லை. கல்லை உலர்ந்தபடி நிறுங்கள். தண்ணீர்ப் பாத்திரம் ஒன்றைத் தராசில் வைத்துச் சுழியாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க அமிழ்த்துப் பிடியுங்கள். தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு, கன சென்ரிமீற்றரில். உதாரணமாக உலர் நிறை 412 கிராம், அமிழ்த்தும்போது 149 என்றால் அடர்த்தி 2.77, நுண்ணிய சிலேட்டு வகைக்குப் பொருந்தும் எண். சிலிக்காப் பளிங்கின் அடர்த்தி 2.65 என்பதால் ஆர்கன்சோ எதுவும் அதைத் தாண்டாது, துளையுள்ள வாஷிட்டா நன்றாகவே இறங்கும். கார்னெட் நிறைந்த கொட்டிக்கூல் 3 பக்கம் போகும்; கீழே சிலேட்டு ஒட்டியிருந்தால் எண் குறையும், அதையும் கணக்கில் எடுங்கள். தண்ணீர் குடிக்கும் கல்லை உடனே பார்த்துவிட வேண்டும், தாமதித்தால் எண் தடுமாறும்.

கடைசியாகக் குழம்பு. சொந்தக்காரரைக் கேட்டுவிட்டு ஒரு மூலையில் தண்ணீர் விட்டு உருக்குத் துண்டைத் தேயுங்கள். கொட்டிக்கூல் பால் போன்ற வெள்ளைக் குழம்பு விடும், பிறகு இரும்புத் தூள் கலந்து சாம்பலாகும். கொட்டிக்கூலின் கீழே வரும் பெல்ஜிய நீலச் சிலேட்டின் குழம்பில் இளஊதாச் சாயல் தெரியும். எவ்வளவு தேய்த்தும் குழம்பே வராமல், தண்ணீர் மட்டும் மெதுவாகக் கறுத்தால் கடினமான நோவாகுலைட்டை எதிர்பார்க்கலாம்.

5. விலை பேசுவது

சோதித்ததில் நல்ல கல் என்று தெரிந்துவிட்டால் அதை மறைத்து வாங்காதீர்கள். இறந்துபோன தகப்பனின் பெட்டியை ஒரு அக்கா திறந்து காட்டும்போது, இது சும்மா கல் என்று சொல்லி அம்பது ரூபாய் நீட்டுவது கேவலம். என்ன கல், எதற்கு உதவும் என்று சொல்லுங்கள். விற்க மனமில்லை என்றால் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். சிறிய ஊர்; ஒரு வீட்டில் நடந்தது அடுத்த வீட்டுக்கு உங்களுக்கு முன்னரே போய்விடும்.

6. கழுவுவது

லேபல் கொஞ்சமாவது ஒட்டியிருந்தால் கல்லை ஊறப்போடவே கூடாது. ஈரத்துணியால் தீட்டும் முகத்தை மட்டும் துடைத்து, லேபலின் மேல் நிறமற்ற நகப்பூச்சை மெல்லிதாகப் பூசிவிடுங்கள்.

எண்ணெய்க்கற்களில் இருப்பது பல வருட எண்ணெயும் இரும்புத்தூளும் மரத்தூளும் சேர்ந்த கறுப்புப் பிசின். பழைய பிளேட்டால் சுரண்டிவிட்டு, வெளி முற்றத்தில், நெருப்புக்குத் தூரமாக, மண்ணெண்ணெயில் ஊறவிட்டுப் பிறகு பாத்திரம் கழுவும் திரவமும் பல்துலக்கியும் போட்டுத் தேய்க்கவும். சிலேட்டுக்கும் கொட்டிக்கூலுக்கும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் சவர்க்காரமும் போதும். பட்டறையில் ஒட்டிய கல்லை மண்ணெண்ணெயில் போட்டால் பழைய பசை இளகலாம். எந்தக் கல்லையும் அவிக்காதீர்கள், சூடேறிக் குளிரும்போது வெடிக்கும். தேசிக்காய், வினாகிரி வேண்டாம்: துருக்கிக் கல்லில் சுண்ணாம்பு இருக்கிறது, புளி அதைக் கரைக்கும்.

7. சமப்படுத்துவது

உருக்கு அடிமட்டத்தைக் குறுக்காகவும் மூலைவிட்டமாகவும் வைத்து, பின்னால் ரோச் பிடித்தால் பள்ளம் தெரியும். உளி தீட்டிய கல் நடுவில் குழிந்தே இருக்கும்.

தடித்த கண்ணாடித் துண்டில் வாட்டர் பேப்பரை ஈரமாக ஒட்டுங்கள். கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் போட்டு, தண்ணீர் விட்டு, எட்டு வடிவில் தேய்த்து, இடையிடையே கல்லை மறுபக்கம் திருப்புங்கள். 220-இல் தொடங்கி 400, 600, 1000. பென்சில் கோடு எங்கும் ஒன்றுபோல் அழிந்தால் தளம் சரி. சிலேட்டு விரைவில் பணியும். ஆர்கன்சோ அப்படியல்ல, கடதாசியைத் தின்று தீர்த்துவிடும். அதற்குச் சிலிக்கன் கார்பைடுத் தூளைக் கண்ணாடியில் தண்ணீரோடு தூவித் தேய்க்க வேண்டும். இதில் எதையும் உலர்வாகத் தேய்க்காதீர்கள், சிலிக்காத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். கடற்கரை மணலால் தேய்க்கலாமே என்று யாராவது சொல்வார்கள். பருமன் ஒன்றுக்கொன்று ஒவ்வாத மணல், கீறல்தான் மிஞ்சும். முடிவில் நான்கு ஓரங்களையும் லேசாக மழுக்கிவிடுங்கள்.

ஒரு முகத்தை மட்டும் சமப்படுத்தினால் போதும். மறுமுகத்தில் பழைய கையின் தேய்மானம் அப்படியே இருக்கட்டும், கல்லின் வரலாறு அதில்தான் இருக்கிறது.

8. கத்தியில் சோதிப்பது

8000 வரை ஏற்றிய கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டிக்கூலிலும் துரிங்கியனிலும் சிறு துண்டால் பால் பதத்துக்குக் குழம்பு எழுப்பி, கூர் முன்னே போக, கத்தியின் நிறை மட்டும் படும்படி தீட்டுங்கள். சில இழுப்புக்கு ஒருமுறை ஒரு துளி தண்ணீர் சேர்த்துக் குழம்பை ஐதாக்கிக்கொண்டே போய், வெறும் தண்ணீரில் முடியுங்கள். அவசரப்பட்டுக் குழம்பைக் கழுவினால் கூர் பாதியில் நின்றுவிடும். ஆர்கன்சோவுக்குத் தையல் மெஷின் எண்ணெய். இழுப்பு நிறைய வேண்டும், பொறுமையும் வேண்டும்.

உருப்பெருக்கியில் அலகைப் பாருங்கள். மெல்லிய மூடுபனிப் பளபளப்புக்கு நடுவே தனியாக ஓர் ஆழ்ந்த கீறல் தெரிந்தால் கல்லைக் கழுவி மறுபடி தீட்டுங்கள். போய்விட்டால் வெளித்தூசி. திரும்ப வந்தால் கல்லுக்குள் கடினமான மணி ஒன்று புதைந்திருக்கிறது. கல்லின் எந்தப் பகுதியில் கத்தி உரசுகிறது என்று காதால் கேட்டே கண்டுபிடிக்கலாம்.

முடியைப் பிடித்து அலகில் விட்டு வெட்டிப் பார்ப்பது பார்க்க நன்றாக இருக்கும். ஆளுக்கு ஆள் முடி மாறுவதால் அதை நான் பெரிதாக எடுப்பதில்லை. ஒரே வகையான இரண்டு கத்திகளை 8000 வரை ஒன்றாக ஏற்றி, ஒன்றை மட்டும் புதிய கல்லில் முடித்து, இரண்டையும் வாரில் ஒரே அளவு இழுத்து, முகத்தின் பக்கத்துக்கு ஒன்றாகச் சவரம் செய்தால் தோலே பதில் சொல்லும். பழைய கத்திகளை வாங்கிய கையோடு கிருமிநீக்கம் செய்யாமல் முகத்தில் வைக்கக்கூடாது.

9. வைப்பது

கல்லை நிழலில் முழுக்கக் காயவிட்டுப் பெட்டியில் போடுங்கள். மாரியில் மரப்பெட்டியைச் சீமெந்துத் தரையில் வைக்க வேண்டாம். கத்திக்குத் தேங்காயெண்ணெய் வேண்டாம், தையல் மெஷின் எண்ணெய் பூசுங்கள். கடற்கரையில் இருக்கும் வீடு என்றால் மாதம் ஒருமுறை எடுத்துத் துடைப்பது நல்லது.

ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சிறு அட்டை: நிறை, அளவு, அடர்த்தி, குழம்பின் நிறம், எந்த வீட்டில், யாருடைய பெட்டியிலிருந்து வந்தது, அவர் என்ன வேலை செய்தார். கல்லின் பெயரைச் சோதனைகள் உறுதிப்படுத்தும்வரை அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். எழுதுவது பென்சிலால் இருக்கட்டும். இந்த ஊர் ஈரத்தில் மை கசியும்.